ஊனுண் பறவைகளும் அவற்றின் பெயர்களும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, எப்பொருள்பற்றி எழுதுவது எனச் சில நாள் தயங்கினோம். தமிழாசிரியர் ஒருவர் எழுதுவதெனின், சங்க நூல் ஒன்றன் நயத்தையோ இலக்கணப் புலவர் ஒருவரது மாண்பையோ எடுத்துரைத்தல் வழக்கம். அவ்வழக்கத்தை ஒருபுறம் வைத்து, வானத்தில் வட்டமிடும் பறவைகள் சிலவற்றின் பெயர்பற்றி எழுத யாம் துணிந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளின் முன் எமது வகுப்பறையில் யாம் இழைத்த பிழையே அது. அதனை முதற்கண் ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

பிழை திருத்தப் புகுந்து பிழைத்தமை

ஆசிரியர் பயிற்சியை முடித்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கிய புதிதில், ஏழாம் வகுப்பு மாணவரை ‘எங்கள் ஊர்க் கரை’ என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையுமாறு பணித்தோம். கரையோரக் கிராமமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன், வள்ளங்கள் கரைசேர்ந்து வலைகளை உதறும் வேளையிலே பிராந்துகள் கூடி வட்டமிடும் என்றும், தலை வெள்ளையும் உடல் சிவப்புமான பிராந்து மேலிருந்து விழுந்து, நிலத்திற் கால் ஊன்றாமலே மீனைப் பற்றிக்கொண்டு எழும் என்றும் எழுதியிருந்தான். யாம் ‘பிராந்து’ என்னும் சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, வந்த இடந்தோறும் ‘கழுகு’ என எழுதினோம். பிராந்து கொச்சை, கழுகு செந்தமிழ் என்பது அன்று எமது துணிபு.

கொப்பியைப் பெற்றுக்கொண்ட மாணவன் சற்று நேரம் அதனை நோக்கியிருந்தான். பின்னர் எழுந்து நின்று, “சேர், அது கழுகில்லை, பிராந்து. கழுகை நான் ஒருநாளும் காணேல்லை” என்றான். வகுப்பு நகைத்தது. யாமும் நகைத்து அவனை இருத்தினோம்.

ஆயினும் அவன் கூற்று எம்மை விடவில்லை. அவ்வாரச் சனிக்கிழமை துவிச்சக்கர வண்டியில் அக்கரைக்குச் சென்று பார்த்தோம். அவன் எழுதியவாறே பறவை விழுந்தது, மீனைப் பற்றிற்று, எழுந்தது. மீண்டு வந்து பறவை நூல்களைப் புரட்டியபொழுது எமது நாணம் மிகுந்தது. பழந்தமிழ் நூல்கள் கழுகு எனக் கூறும் பறவை இலங்கைத் தீவிலே கூடுகட்டி வாழ்வதில்லை. எப்பொழுதாவது இந்தியாவிலிருந்து வழிதப்பி வருவன ஒன்றிரண்டே. ஆகவே, கழுகைத் தான் கண்டதில்லை என்று அம்மாணவன் கூறியது முழுதும் உண்மை. யாமோ எமது வானத்தில் இருந்த பறவையை வெட்டிவிட்டு, இல்லாத பறவை ஒன்றை அங்கே பறக்கவிட்டோம்.

பருந்து

முதலிற் பருந்தை நோக்குவோம். பருந்து என்னும் சொல்லே யாழ்ப்பாணத்தார் நாவிற் பிராந்து என வழங்கும். விசிறியைச் சிவிறி என்றும், தசையைச் சதை என்றும் ஒலி நிலைமாறி வழங்குவதை ஏற்றுக்கொள்ளும் நாம், பருந்து பிராந்து ஆயினமையை மட்டும் இழிவெனத் தள்ளுதல் என்ன முறையோ?

வடபகுதிக் கரைகளிற் காணப்படும் பருந்து இரு வகைத்து. ஒன்று செம்பருந்து. தலையும் கழுத்தும் மார்பும் வெண்மை. ஏனைய உடலும் சிறகும் செங்காவி. சிறகின் நுனி கருமை. மற்றையது கரும்பருந்து. அதனைக் கள்ளப் பருந்து எனவும் கூறுவர். உடல் முழுதும் மங்கிய கபிலநிறம். செம்பருந்தின் குஞ்சும் இளமையிற் கபிலநிறமாகவே இருத்தலின், நிறத்தை மட்டும் நோக்குவார் இரண்டையும் ஒன்றாக மயங்குவர். மயங்காதிருக்க வழி உண்டு. வாலை நோக்குக. செம்பருந்தின் வால்நுனி வட்டமாக இருக்கும். கரும்பருந்தின் வால்நுனி நடுவிலே சற்றுப் பிளவுபட்டிருக்கும்.

இவை இரண்டும் வேட்டையை மட்டும் நம்பி வாழ்வன அல்ல. செத்த மீன், நண்டு, எலி, கழிவு, கோழிக்குஞ்சு என எளிதிற் கிடைப்பதைக் கொள்ளும். துறைமுகங்களிலும் மீன் சந்தைகளிலும் இவை கூடுதற்குக் காரணம் இதுவே.

நன்னூல் கற்றார் சூத்திர நிலை நான்கினையும் அறிவர். ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து என்பவற்றோடு வைத்து எண்ணப்படுவது பருந்தின் வீழ்வு. உயரத்தில் நின்ற பருந்து வீழ்ந்து, தான் கருதிய பொருளைக் கவர்ந்துகொண்டு அகல்வதுபோல, ஒரு சூத்திரம் இடையிலே வந்து தன் கருத்தை முடித்து நீங்குமாயின் அது பருந்தின் வீழ்வு எனப்படும். இவ்விளக்கத்தை யாம் பரீட்சைக்கு மனனஞ் செய்தோம். மாணவர்க்கும் மனனஞ் செய்வித்தோம். ஆனால் பருந்து வீழ்வதை ஒருநாளேனும் நின்று பார்த்தோமில்லை. நன்னூலார் கண்ட காட்சியை அவ்வேழாம் வகுப்பு மாணவன் கண்டு எழுதினான். நன்னூலைக் கற்ற யாம் அதனை வெட்டினோம்.

கருடன்

கரையிலே மீனைப் பறித்துச் செல்லும்பொழுது பிராந்து என வையப்படும் அதே செம்பருந்து, ஆலய வீதிக்கு மேலே வட்டமிடும்பொழுது கருடன் எனக் கைகூப்பி வணங்கப்படுகின்றது. கும்பாபிடேக காலத்திற் குடமுழுக்கு நிகழும் வேளையிலே கருடன் வலம்வருதலை அடியார் பெருஞ் சகுனமாகக் கொள்வர். பறவை ஒன்றே, பார்க்கும் இடமும் மனமும் வேறுபடப் பெயரும் வேறுபடுகின்றது.

கருடன் என்பது வடசொல். அது கலுழன் எனத் தமிழொலிக்கு இயைந்து செய்யுளில் வரும். உவணம் என்னும் மற்றொரு பெயரும் உண்டு. அழகிய சிறகுடையது எனப் பொருள்படும் சுபர்ணம் என்னும் வடசொல்லின் திரிபு அது. இப்பெயர்கள் திருமாலின் ஊர்தியாகிய தெய்வப் புள்ளுக்கு உரியன. அத்தெய்வப் புள்ளின் சாயலை மக்கள் செம்பருந்திற் கண்டமையால் அதற்கும் அப்பெயர் வந்து பொருந்திற்று.

கழுகும் எருவையும்

இனிக் கழுகுக்கு வருவோம். கழுகு தானே கொன்று உண்ணும் வழக்கம் மிகக் குறைந்தது. இறந்த விலங்கின் உடலே அதன் உணவு. உடலுக்குள் தலையை நுழைத்து உண்ணுதற்கு ஏற்ப அதன் தலையும் கழுத்தும் பெரும்பாலும் மயிரற்று, அல்லது மெல்லிய தூவியே உடையனவாய் இருக்கும். பருந்தின் கால் இரையைப் பற்றித் தூக்கும் வலியுடையது. கழுகின் காலோ நடத்தற்கும் ஊன்றி நிற்றற்குமே பெரிதும் பயன்படுவது. அகன்று நீண்ட சிறகை அசைக்காமல் விரித்து, வெப்பக் காற்றோடு மேலெழுந்து, நெடுநேரம் மிதந்து நிலத்தை நோக்கும். சீதையை மீட்க இராவணனோடு பொருது வீழ்ந்த சடாயுவைக் கழுகரசன் என்றே நம் புலவர் போற்றினர். திருக்கழுக்குன்றம் என்னும் தலம் பெயர்பெற்றதும் இப்பறவையாலேயே. அக்குன்றிலே நண்பகலில் வந்து அமுதுண்டு சென்ற இணை, வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் உடைய சிறு கழுகினம். 1990களின் இறுதியிலிருந்து அவை அங்கு வருவதில்லை.

குழப்பம் எங்கே தொடங்கிற்று? ஆங்கிலத்தில் ஈகிள் என்பது வேட்டையாடும் பெரும்பறவை. வல்ச்சர் என்பது பிணம் உண்ணும் பறவை. மொழிபெயர்ப்பாளர் இரண்டிற்கும் கழுகு என்ற ஒரு சொல்லையே இட்டனர். ஐக்கிய அமெரிக்காவின் இலச்சினையிலுள்ள பறவையும் கழுகு. பிணத்தைச் சூழ்ந்து நிற்பதும் கழுகு. இரண்டையும் பிரித்துக்காட்ட வேண்டியபொழுது, சொல்லுக்கு முன்னமே உரிமைபூண்ட பறவையைப் பிணந்தின்னிக் கழுகு என அடைமொழி கொடுத்துத் தள்ளிவைத்தனர். வீட்டுக்குரியவனைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு விருந்தினனை உள்ளே இருத்திய கதை இது.

இத்தகைய மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. எபிரேய மொழியில் நெசர் என்னும் சொல் இவ்விரு பறவையினத்துள் எதனைக் குறிக்கும் என்பதில் வேதாகம அறிஞர் கருத்து வேறுபடுவர். ஆங்கிலேயர் பஸார்ட் என்று ஒரு வேட்டைப் பறவையைக் கூறுவர். அமெரிக்க மக்களோ அதே சொல்லாற் பிணமுண்ணும் பறவையைக் குறிப்பர். ஊர் பெயர்ந்த மாந்தர் தம் பழைய சொற்களைப் புதிய பறவைகளின்மேல் ஏற்றுதல் உலகியல்பு.

எருவை என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. சங்கப் புலவர் எருவையின் செவி சிவந்தது என்பர். நிகண்டுகளோ எருவை என்பதற்குச் செம்பு என்றும் குருதி என்றும் வேறு பொருள்களும் தரும். பொருள் பலவாயினும் செம்மை அவற்றுள் ஊடுருவி நிற்றலைக் காண்க. இந்தியாவிலே செந்தலைக் கழுகு என ஓரினம் உண்டு. அதன் தலை செந்நிறம். தலையின் இருமருங்கும் செவிமடல்போலச் செந்தோல் தொங்கும். புலவர் செவி எனக் கூறியது இத்தோலையே எனக் கொள்ளின், அவர்தம் கூர்நோக்கு வியக்கத்தக்கது. ஆயின், எருவையைத் தலை வெளுத்து உடல் சிவந்த பருந்து என உரை கூறினாரும் உளர். அவ்வாறு கூறியவர் கண்முன் நின்றது நாம் மேலே கண்ட செம்பருந்தே என்பது தெளிவு. பாட்டில் வரும் பறவையைத் தம் ஊர்ப் பறவையாக எண்ணிக்கொண்டனர் போலும். எம்மைப்போலத் தவறியோர் முன்னும் இருந்தனர் என எண்ணி யாம் சிறிது ஆறுதல் அடைந்தோம்.

வல்லூறு முதலியன

கோழிக்குஞ்சைப் பறிகொடுத்த இல்லத்தரசியார் பெரும்பாலும் பிராந்தையே வைவர். ஆனால் பனங்கூடலினூடும் வேலியோரத்தும் தாழப் பறந்து ஓணானையும் அணிற்பிள்ளையையும் சிறு குருவியையும் திடீரெனப் பற்றும் பறவை வேறு. அது புறாவளவே உடையது, முதுகு சாம்பல்நிறம், மார்பிலே மெல்லிய செங்கோடுகள், சிறகு குறுகி வட்டமானது, வால் நீண்டது. வல்லூறு என்றும் வைரி என்றும் இதனைக் கூறுவர். பருந்து மிதந்து தேடும். வல்லூறு மறைந்திருந்து பாயும். சிறகின் அமைப்பே தொழிலைக் காட்டிவிடும். இத்தகைய வேட்டைப் பறவைகளுட் பெரும்பாலானவற்றிற் பெடையே சேவலினும் பெரியது என்பதும் அறியத்தக்கது.

சங்க நூல்களில் எழால் என வருவதும் இத்தகைய சிறு வேட்டைப் பறவையே. உரையாசிரியர் அதனைப் புல்லூறு என்பர். குறுந்தொகையில் ஒரு காட்சி உண்டு. எழால் பாய்ந்தமையால் தன் சேவலைக் காணாத வங்காப் பறவையின் பெடை, குழலிசைபோன்ற குரலாற் சிறுசிறிதாகப் பன்முறை அகவுகின்றது. எழால் இன்ன பறவை என அறியாதார்க்கு அப்பெடையின் துயர் பாதியே விளங்கும்.

இராசாளி என்னும் பெயரும் வேட்டைப் புள்ளுக்கு வழங்குவது. அரக்கோணத்திலுள்ள இந்தியக் கடற்படையின் வானூர்தித் தளம் 1992 முதல் அப்பெயர் தாங்கி நிற்கின்றது. கொல்லும் பறவையின் பெயர் படைத்தளத்துக்குப் பெருமையாயிற்று. கொல்லாது, செத்ததை உண்டு ஊரைத் தூய்மை செய்யும் பறவையின் பெயரோ வசைமொழியாயிற்று. மனிதர் பெயரிடும் முறையை நோக்குமிடத்து நகையும் வருகின்றது, வருத்தமும் வருகின்றது.

விஞ்ஞானிகளின் பகுப்பும் மாறாதது அன்று. பல்கன் எனப்படும் வல்லூற்றினத்தை நெடுங்காலம் பருந்து முதலியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணினர். 2008இல் வெளிவந்த விரிவான மரபணு ஆய்வும் அதன்பின் வந்தனவும், அவ்வினம் பருந்தினும் கிளிக்கே நெருங்கிய உறவுடையது எனக் காட்டின. வளைந்த அலகும் கூரிய உகிரும் தொழிலால் ஒத்தனவேயன்றிக் குடியால் ஒத்தன அல்ல.

அடைமொழியின் பயன்

இலங்கையிலே கழுகு என்னும் சொல் ஒருவாற்றானும் வழங்கலாகாது என்பது எமது கருத்தன்று. கரையோர உயர்மரங்களிற் கூடுகட்டி, மீனையும் கடற்பாம்பையும் பற்றி உண்ணும் வெண்வயிற்றுப் பெரும்பறவையைக் கடற்கழுகு என்கின்றோம். அதன் விரிந்த சிறகு ஏறக்குறைய 2 மீற்றர். வன்னிக் காடுகளிலே சீழ்க்கைபோல ஒலித்துக்கொண்டு வட்டமிட்டு, பாம்பை இரையாகக் கொள்ளும் கொண்டையுடைய பறவையைப் பாம்புக் கழுகு என்கின்றோம். இவை பிணமுண்ணும் கழுகினம் அல்லவாயினும், அடைமொழி சேர்ந்து நிற்றலின் மயக்கம் இல்லை. அடையின்றிக் கழுகு என்று மட்டும் எழுதி, எல்லாப் பறவையையும் அதனுள் அடக்குவதே குற்றம். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர் சிலர், பிணமுண்ணும் இனத்துக்குப் பாறு என்னும் பழஞ்சொல்லை மீட்டு வழங்குகின்றனர். அது போற்றத்தக்கது.

வழக்குப்பற்றித் தொல்காப்பியர் காட்டிய பெருந்தன்மையையும் ஈண்டு நினைத்தல் தகும். மரபியலிலே எவ்வெவ்வுயிர்க்கு எவ்வெப்பெயர் உரிய எனக் கண்டிப்பாக வகுத்த அவ்வாசிரியர், கூகையைக் கோட்டான் என்றலும் கிளியைத் தத்தை என்றலும் போல்வன வழக்கில் உண்மையின், அவற்றைக் கடிதல் ஆகாது என்றும் விதித்தார். இரவில் வேட்டையாடும் கூகைக்கு மக்கள் இட்ட பெயரைத் தொல்காப்பியர் ஏற்றார். பகலில் வேட்டையாடும் பருந்துக்கு எம் மக்கள் வழங்கிய பெயரை யாம் ஏற்கவில்லை. மரபு காத்தல் என்பது மக்கள் சொல்லை அழித்தல் அன்று என்பதை மரபியலைக் கற்பித்த யாமே உணராதிருந்தோம்.

பெயரோடு பறவையும்

இவையெல்லாம் வெறுஞ் சொல்லாராய்ச்சி எனச் சிலர் கருதக்கூடும். அற்றன்று. 1990களில் இந்தியாவிலே கழுகுகள் தொகை தொகையாக மடியத் தொடங்கின. வெண்முதுகுக் கழுகினத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டவை சில ஆண்டுகளுக்குள் அழிந்தன. காரணம் நெடுநாள் விளங்கவில்லை. கால்நடைகளின் வலி தணிக்கக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் எஞ்சி நின்று, அதனை உண்ட கழுகின் சிறுநீரகத்தை அழித்தமை 2004இல் வெளிவந்த ஆய்வினால் நிறுவப்பட்டது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கான அம்மருந்தைத் தடைசெய்தது. அழிந்த தொகை இன்னும் மீளவில்லை. தமிழ்நாட்டில் எஞ்சியவற்றுட் பல, நீலகிரியை அடுத்த மோயாற்றுப் பள்ளத்தாக்கிலே வாழ்கின்றன.

இத்துணைப் பேரழிவு நிகழ்ந்தபொழுது பொதுமக்களுட் பலர் அதனை உணரவில்லை. கழுகு என்றால் எது என அறியாதார்க்குக் கழுகு குறைந்தமை எவ்வாறு தெரியும்? வானத்திலே பருந்து பறந்துகொண்டுதான் இருந்தது. ஒரு சொல் பல பறவைகளை மூடிக்கொண்டால், அவற்றுள் ஒன்று மறைந்தாலும் சொல் மறைவதில்லை. இழப்பும் கண்ணுக்குப் புலனாவதில்லை. பெயரைப் பிரித்தறிதல் பொருளைக் காத்தலின் முதற்படி என்பது இதனாற் பெறப்படும்.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

இம்மலரைக் கண்ணுறும் பழைய மாணவருட் பலர் தம் ஊரை விட்டு நெடுந்தூரம் வாழ்பவர்கள். இடப்பெயர்வுகளால் ஊர்கள் கலைந்தன. ஊரோடு ஊர்ச்சொற்களும் கலைந்தன. உங்கள் பாட்டனார் பாட்டியார் இப்பறவைகளை எப்பெயரால் அழைத்தனர், எப்பறவையை விரட்டினர், எதனை வணங்கினர் என்பவற்றை நினைவு உள்ளபொழுதே எழுதிவையுங்கள். கொச்சை என நாணற்க. பெயரோடு நிறம், வால், உணவு, கண்ட இடம் என்பவற்றையும் குறியுங்கள். உங்கள் பிள்ளைகள் வேறு நாட்டு வானத்தில் வேறு பறவைகளைக் காண்பவராயினும், நீங்கள் கண்டதற்குப் பெயர் இன்னதென அவர்கள் அறிதல் வேண்டும். கற்பிக்கும் எம்மனோர்க்கும் ஒரு சொல்: மாணவன் கண்டதை எழுதும்பொழுது, சிவப்பு மையை எடுக்குமுன் ஒருமுறை வெளியே சென்று பார்த்து வருதல் நன்று.

அம்மாணவனும் இன்று இவ்விழாவைக் கொண்டாடும் பழைய மாணவருள் ஒருவர். இம்மலர் அவர் கைக்கும் செல்லும். அன்று வகுப்பின் நடுவே அவரை நகைத்து இருத்திய யாம், இன்று இவ்வவையின் நடுவே எழுந்து நின்று எமது திருத்தத்தைத் திருத்திக்கொள்கின்றோம். அவர் கொப்பியில் யாம் வெட்டிய சொல் பிழையன்று. அக்கரையில் அன்று பறந்தது பிராந்தே.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.